காப்புக் கட்டிய கை

1991 ஆடி மாதம். பிள்ளைப்பாக்கத்தில் தீ மிதிப்பதற்காகக் காப்புக் கட்டியிருந்தேன். கட்டிவிட்டால், தீ மிதித்து முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

ஒருநாள் காலை, பக்கத்து வீட்டு அந்தோணி பம்புசெட் பெல்ட்டில் வலது கையைக் கொடுத்துவிட்டு ஓடி வந்தான். சுற்றியிருந்த துண்டு ரத்தத்தில் ஊறியிருந்தது. ஊரில் அப்போது மொபெட் வைத்திருந்தவன் நான்தான்.

"ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போண்ணா."

"காப்புக் கட்டிக்கினு கீறேன்பா, எல்லை தாண்டக் கூடாது. அவனவன் வினையை அவனவன்தான் அனுபவிக்கணும். பஸ் வந்துடும், பொறுத்துக்கோ."

வண்டியை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் போனான். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

தீ மிதித்தேன். பாதமெல்லாம் கொப்புளம். கொப்புளம் வந்தால் விரதத்தில் குறை என்பார்கள். வெட்கத்தில், காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குள் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தோணி வந்தான். என் மனைவி அவன் மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். கட்டுப் பிரிக்கப் போன ஆஸ்பத்திரியில் தீப்புண் களிம்பும் கேட்டு வாங்கி வந்திருந்தான். கீழே உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து, இடது கையால் தடவினான்.

"ரொம்ப எரியுதாண்ணா?"

ரத்தம் சொட்ட நின்றவனிடம் நான் அந்த ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்றும் ஆடியில் காப்புக் கட்டுகிறேன். கோயிலுக்குக் கிளம்பும்போது, வண்டிச் சாவியை அந்தோணி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகிறேன்.