மணப்பாட்டுக் கடற்கரையில் ரசஞ்சோறு

கடற்கரையில் எங்கே சாப்பிடலாம் என்று நேற்று இங்கேதான் பதிவு போட்டுக் கேட்டேன். ஆளுக்கொரு மீன் கடை சொன்னீர்கள். அதை நம்பி இன்று காலை நானும் மனைவியும் ராஜபாளையத்திலிருந்து வண்டியை எடுத்துவிட்டோம்.

மணப்பாட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. ஒரு கடையில் கூட்டம், இன்னொன்றில் சீலா மீன் இல்லை. மூன்றாவது கடையிலிருந்தும் எழுந்தபோது மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு எடத்துல உக்காருங்க. பசி உசிரு போவுது."

உட்கார்ந்தேன். சீலா வறுவல் வந்தது. முதல் துண்டைப் பிய்த்தபோது அம்மாவின் போன். கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எய்யா, நம்மூருப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு இப்பத்தான் மலையெறங்குதேன். எம்புட்டுக் கூட்டங்கிற! ஒனக்கும் சேத்துப் பெருமாளக் கும்பிட்டேன். புரட்டாசி வெரதத்த மட்டும் விட்றாத, என்ன?"

சனிக்கிழமை லீவு என்பது ஞாபகம் இருந்தது. அது புரட்டாசிச் சனி என்பது இல்லை.

"சரிம்மா" என்றேன். துண்டைத் தட்டிலேயே வைத்தேன்.

மனைவி என் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "அத்த ஒங்களுக்குச் சேத்துத்தான கும்பிட்டாவ? எம்பேரச் சொல்லலையே."

சோறும் ரசமும் வாங்கிக் கடலைப் பார்த்தபடி சாப்பிட்டேன். ரசத்திலும் மீன் வாசம்.

அது போகட்டும். "போன வாரம்தான் அங்க சாப்பிட்டேன், அருமை" என்று நேற்று எழுதிய நம்மூர்க்காரர்கள் மூன்று பேரும், போன வாரம் என்ன மாதம் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாக்களும் இங்கே என் நட்பில் இருக்கிறார்கள்.