ஜூலை பதினாலில் பஸ் இல்லை

கடைசிப் பிள்ளை இறங்கியதும் யோகமலர் பஸ்ஸின் பின்கோடிவரை நடக்கிறார். ஒவ்வோர் இருக்கையையும் கையால் தட்டிக்கொண்டே போகிறார். உறங்கிப்போன பிள்ளை எதுவும் உள்ளே மிஞ்சக்கூடாது என்பது விதி. குனிந்து இருக்கைகளுக்கு அடியிலும் பார்ப்பது அவருடைய சொந்தச் சட்டம். "சப்பாத்து கிடக்கும், சாப்பாட்டுப் பெட்டி கிடக்கும். ஒருக்கா ஒரு ஆமை கிடந்தது" என்பார்.

கனடாவில், ஸ்காபரோவில் பதினாறு வருடங்களாகப் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். வயது ஐம்பத்தெட்டு. தரிப்பிடத்தில் என்னுடைய பஸ் அவருடையதற்குப் பக்கத்தில் நிற்கும், பழக்கம் அப்படித்தான். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். சீனப் பிள்ளையானாலும் சோமாலியப் பிள்ளையானாலும் "ராசா", "குஞ்சு"தான். பிந்தி வரும் பெற்றோரை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்; கண்ணாடியில் பார்ப்பார், அவ்வளவுதான். பிடிவாதக்காரி என்பதில் எங்கள் ஓட்டுநர்களிடையே இரண்டு கருத்து இல்லை.

அந்தப் பிடிவாதம் நான்கு வருடங்களைத் தின்றது. பிரான்சுக்குப் படிக்கப் போன ஒரே மகள் நிரூபா, ஜுலியன் என்ற தச்சனைக் கட்டிக்கொண்டு அங்கேயே ஒரு கிராமத்தில் இருக்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னாள். "அப்ப இனி எனக்குப் போன் எடுக்காதை" என்றார் தாய். மகள் எடுக்கவில்லை.

"சின்னனிலை நான் சொன்ன ஒண்டையும் கேக்காத பிள்ளை. உந்தச் சொல்லை மட்டும் கேட்டிட்டாள்."

கலியாணப் படம் தபாலில் வந்தது. படத்தை அலுமாரிக்குள் வைத்தார். முகவரி எழுதிய உறையைக் கைப்பையில் வைத்தார்.

போன வருடம் பாடசாலை விடுமுறை விட்டதும், ஒருவருக்கும் சொல்லாமல் விமானம் ஏறினார். "சொன்னால் வரவேண்டாம் எண்டிடுவாள் எண்டு பயம்." பாரிசில் இறங்கி, இரண்டு ரயில் மாறி, ஒரு சின்ன நிலையத்தில் போய் நின்ற அன்று ஜூலை பதினான்கு. அந்த நாட்டின் தேசிய விடுமுறை என்பது அவருக்குத் தெரியாது. நிலையம் பூட்டிக் கிடந்தது. கடைகளும் பூட்டு. கிராமத்துக்குப் போகும் பஸ்ஸுக்காக ஒரு மணித்தியாலம் காத்து நின்றார். "ஒவ்வொரு நாளும் நாப்பது பிள்ளையளை ஏத்தி இறக்கிற எனக்கு ஒரு பஸ் இல்லை."

பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். எட்டுக் கிலோமீற்றர். இரு பக்கமும் சூரியகாந்தி; நிழலுக்கு ஒரு மரம் இல்லை. பாதி வழியில், மடக்கு மேசைகளை ஏற்றிக்கொண்டு வந்த வான் ஒன்று நின்றது. ஓட்டி வந்த கிழவரிடம் உறையை நீட்டினார். கிழவர் வாசித்துத் தலையாட்டி, பெட்டியை மேசைகளுக்கு மேல் வைத்தார்.

வான் மகளின் வீட்டுக்குப் போகவில்லை. தேவாலயத்துக்கு முன்னாலிருந்த திடலில் போய் நின்றது. அன்று ஊர் முழுவதற்கும் அங்கேதான் மதியச் சாப்பாடு. கிழவர் உட்காரச் சொல்லி ஒரு கதிரையைக் காட்டினார். சும்மா இருக்க யோகமலருக்கு எப்போது தெரிந்தது? தக்காளி வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்குப் பக்கத்தில் போய், தானும் ஒரு கத்தியை எடுத்தார். "வெட்டுறதுக்கு என்னத்துக்குப் பிரெஞ்சு?"

இரண்டாவது கூடை முடியும் நேரம், நிரூபா ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு புருசனோடு வந்தாள். சட்டியை இறக்கிவைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

"அம்மா?"

"பஸ் ஒண்டும் இல்லைப் பிள்ளை. அதுதான் சுணங்கிப்போச்சு."

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். "அவள் அழுதவள். நானும்தான். பிறகு எல்லாரோடையும் இருந்து சாப்பிட்டனாங்கள். உப்புக் காணாது." மூன்று வாரம் நின்றுவிட்டு வந்தார்.

இப்போது புதன்கிழமைகளில், காலை ஓட்டம் முடிந்த பிறகு, ஜுலியன் தொலைபேசி எடுக்கிறான். நிரூபா அப்போது வேலையில் இருப்பாள், மொழிபெயர்க்க ஆளில்லை. அவன் பிரெஞ்சில் சொல்வான். இவர் "ஓம் தம்பி, ஓம்" என்பார். என்ன சொன்னான் என்று நான் கேட்டால், "ஆருக்குத் தெரியும்" என்பார்.

போன புதன் வெளியே கடும் குளிர். அவருடைய பஸ்ஸுக்குள் இருவரும் சூடு காய்ந்துகொண்டிருந்தோம். தொலைபேசி அடித்தது. யோகமலர் எஞ்சினை நிறுத்தினார், ஹீற்றரை நிறுத்தினார், என்னையும் பேசாமல் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு தொலைபேசியை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.