கீழே கிடப்பவள் சிரிக்க வேண்டுமாம்

இன்று காலை பிரிண்டிங் யூனிட்டுக்குள் நுழைந்தால், நான் வரைந்த படம் குழந்தைகள் டி-ஷர்ட்டில் சாம்பிளாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

நான் இந்த பனியன் கம்பெனியில் டிசைனர்தான். ஆனால் அந்தப் படம் கம்பெனிக்காக வரைந்ததல்ல. படுக்கையை விட்டு எழவே முடியாத நாட்களைப் பற்றி, சாப்பாட்டு நேரத்தில் எனக்காக வரைந்தது. ஒருத்தி தரையில் கிடக்கிறாள். அதே முகமுள்ள இன்னொருத்தி அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

நேராக, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் போனேன். "யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"ஏனுங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான இருந்துச்சு. ரெண்டு புள்ளைங்க வெளையாடுதுன்னு நெனச்சு ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையருக்கு அனுப்பிட்டேனுங்க. அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க."

"அது வெளையாட்டு இல்லீங்க. ரெண்டு பேரும் நான்தானுங்க."

"செரிங்க, செரிங்க. கீழ கெடக்கற புள்ளைக்கு மட்டும் ஒரு சிரிப்பு வெச்சுக் குடுத்துருங்க. சாயங்காலத்துக்குள்ள வேணுமுங்க."

இவ்வளவு மரியாதையாகத் திருடினால் அது திருட்டு இல்லையா?

அவளைச் சிரிக்க வைக்கத்தான் ஒரு வருடமாக டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் முடித்துத் தரும் டாக்டர் யாராவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.