கோமதி அக்காவின் செம்பருத்திக்கு என்ன வியாதி?

போன மாதம் ஒரு காலையில், செம்பருத்தி இலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரமெல்லாம் பழுப்பு. நடுவில் மஞ்சள். போதாததற்கு இரண்டு ஓட்டை. என்ன வியாதி? ஒன்றும் புரியவில்லை.

செடி எங்களுடையது இல்லை. அதுதான் பிரச்னையே!

கிட்வாய் நகரில் எங்கள் கீழ் ஃப்ளாட் கோமதி அக்காவுடையது. திருநெல்வேலிக்காரர். மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போகும்போது, "இது ஒண்ணுதான் எங்க வீட்டுல பூக்குத செடி. பாத்துக்கிடுங்க தம்பி" என்று தொட்டியை அவரே தூக்கிவந்தார். பால்கனியில் இடம் பார்த்து வைத்தார். "இப்படியே இருக்கட்டும், அசைக்காதீங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

தில்லிக்கு வந்து இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்திருப்பது அவரிடம் மட்டும்தான். என் மனைவி லதா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது ரசம் சாதம் வந்தது அவர் வீட்டிலிருந்துதான். அப்பேர்ப்பட்டவர் கேட்ட ஒரே உதவி இது. செடியைச் சாகடித்துவிட்டு எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?

பால்கனியைக் கழுவ வேண்டித் தொட்டியை நகர்த்தியபோதுதான் அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். பகீரென்றது. முன்னால் பச்சைப்பசேல்... பின்னால் இந்தக் கோலம்.

"தண்ணி பத்தல" என்றாள் லதா.

நர்சரிக்காரர், "பானி ஜ்யாதா ஹோ கயா, சாப்" என்றார். தண்ணீர் அதிகமாகிவிட்டதாம். கூடவே ஒரு வேப்பெண்ணெய் பாட்டிலையும் என் தலையில் கட்டினார்.

எங்கள் மகளின் போனில் ஒரு ஆப் இருக்கிறது. இலையைப் படம் எடுத்தால் வியாதியைச் சொல்லும். முதல் படத்துக்குப் பூஞ்சை என்றது. அதே இலையை லைட் போட்டு எடுத்தோம் — இரும்புச்சத்துக் குறைவாம். மூன்றாவது முறை, இது கத்தரிச் செடி என்றது! பேசாமல் நாலு கத்தரிக்காயைக் கட்டித் தொங்கவிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வெயிலில் வை, நிழலில் வை, மோர் ஊற்று, எல்லாம் தில்லிப் புகைதான்... ஒருவர், ஆர்.ஓ. மெஷின் குடிநீரை வடிகட்டிவிட்டு வெளியே தள்ளும் தண்ணீரை ஊற்றாதே, உப்பு என்றார். இன்னொருவர், நான் அதைத்தான் ஊற்றுகிறேன் என்று தன் ரோஜாவின் போட்டோவைப் போட்டார். ரோஜா ஜோராகத்தான் இருந்தது. நாங்களும் அந்தத் தண்ணீரைத்தான் பக்கெட்டில் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தோம். வீணாக்க மனசு வருமா?

இதற்கு நடுவில் அக்காவின் வீடியோ கால் வேறு. பேத்தியைக் காட்டி முடித்ததும், "ஏளா லதா, செம்பருத்தியக் காட்டு" என்பார். லதா போனோடு பால்கனிக்கு வருவதற்குள் வேப்பெண்ணெய் அடிக்கத் திருப்பி வைத்த தொட்டியை நான் ஓடிப்போய் மறுபடி திருப்பிவிடுவேன். நல்ல பக்கம் கேமராவுக்கு. அக்கா பூரித்துப்போவார்.

ஒரு சாயங்காலம் திரும்பி வந்தார். வீட்டுக்குக்கூடப் போகாமல் பையும் கையுமாக நேரே எங்கள் பால்கனிக்கு. நான் வாய் திறக்குமுன் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். முகம் விழுந்துவிட்டது.

"இங்கன இன்னும் அப்படியேதான இருக்கு!"

இன்னுமா?

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. ஒரு வருசமா எங்கிட்டயும் இப்படித்தான். உங்க கைராசில பொழைச்சுக்கிடும்னு நெனைச்சேன். சீக்குச் செடியக் கொடுக்கமேன்னு கூச்சமா இருந்துச்சு... அதான் நல்ல பக்கத்த முன்னால வச்சுட்டுப் போனேன். போன்ல பாத்தா பச்சப்பசேல்னு இருக்கு. என்ன மருந்து போட்டீங்கன்னு கேக்கத்தான் ஓடியாரேன்!"

கோபப்படுவதா, சிரிப்பதா? எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தொட்டியைத் திருப்பிய கதையை லதா போட்டு உடைத்தாள். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பால்கனிப் புறாக்கள் பறந்துவிட்டன.

காபி குடிக்கும்போது லதா கேட்டாள், "நீங்க என்ன தண்ணி ஊத்துவீங்கக்கா?"

"ஆர்.ஓ. வெளிய தள்ளுத தண்ணிதான். வீணாக்க மனசு வருமா?"

மூன்று பேரும் பக்கெட்டைப் பார்த்தோம்.

அன்றிலிருந்து குழாய்த் தண்ணீர்தான். செடி இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மாடிப்படித் திருப்பத்தில் இருக்கிறது. இந்த வாரம் புதிதாக ஒரு இலை விட்டிருக்கிறது. ஓரமெல்லாம் நல்ல பச்சை. நடுவில் மட்டும் ஓர் ஓட்டை. அது எதனால்? அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. வீடியோ காலில் யாராவது "இங்க எல்லாம் நல்லா இருக்கு" என்றால்... தொட்டியைக் கொஞ்சம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்!