அணில் வாயை மூடாது

எங்கள் அண்ணிக்கு ஊர் வைத்த பெயர் அணில். டிவி கார்ட்டூனில் வாயாடி அணிலுக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். வீட்டிலும் அதே வாய்தான், என் அண்ணனைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வான்.

அந்த வேலையைப் பிடித்துத் தந்த மேனேஜர் முதல் நாளே தன் கம்பெனியின் ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார். “ரெக்கார்டிங் ஆரம்பிக்கப் போகுது, சீக்கிரம் கையெழுத்து போடும்மா” என்று அவசரப்படுத்தினார். அண்ணி நின்றபடியே போட்டார். கம்பெனியை விட்டு விலகினால் ஐந்து வருஷத்துக்கு வேறு எங்கும் மைக் முன்னால் பேசக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது.

ஒப்பந்தம் முடிந்து விலகியபோதுதான் அந்த வரி தன் வேலையைக் காட்டியது. அண்ணியைக் கூப்பிட்ட ஸ்டூடியோக்களுக்கெல்லாம் மேனேஜர் போன் போட்டு மிரட்டினார். ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். அண்ணிக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். வாயாடி அண்ணி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. நான்தான் அவரை வக்கீலிடம் இழுத்துப் போனேன்.

வக்கீலம்மா படித்துவிட்டுச் சிரித்தார். “கையெழுத்து போட்டா எல்லாம் செல்லும்னு யார் சொன்னா? விலகின பிறகும் பிழைப்பைத் தடுக்கிற நிபந்தனை கோர்ட்ல நிக்கிறது கஷ்டம். அது அவருக்கும் தெரியும். அதான் போன் போடுறார், கேஸ் போடல.”

அண்ணி அங்கிருந்து நேரே மேனேஜர் ஆபீசுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வரவேற்பறையில் இரண்டு பாடகிகளும் ஒரு மிமிக்ரிக்காரரும் காத்திருந்தார்கள். எல்லோரும் அதே ஒப்பந்தத்தில் மாட்டியவர்கள்.

“சார், என் மேல கேஸ் போடுங்க” என்றார் அண்ணி, அறையிலிருந்து வெளியே வந்த மேனேஜரிடம்.

மேனேஜர் முகம் வெளுத்தது. “உள்ள வாம்மா, உட்காந்து பேசலாம்.”

“இங்கயே பேசலாம். நாளைக்கே நான் மைக் முன்னாடி பேசப் போறேன். உங்க வரி செல்லும்னா கோர்ட்டுக்கு வாங்க.”

“மெதுவா பேசும்மா!”

அவ்வளவுதான், அண்ணி குரலை மாற்றினார். தெருமுனை வரை கேட்கும்படி அணில் கத்தியது. “கேஸ் போடுங்க சார்! கேஸ் போடுங்க!”

மிமிக்ரிக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எழுந்து வந்து, மேனேஜர் காதில் விழும்படியே கேட்டார். “அக்கா, அந்த வக்கீலம்மா ஆபீஸ் எங்க இருக்கு?”

அந்த நிபந்தனை கோர்ட்டில் நிற்காது என்று வக்கீலம்மா எழுதிக் கொடுத்ததைக் காட்டியதும் ஒரு ஸ்டூடியோ துணிந்து அண்ணியைச் சேர்த்துக்கொண்டது. கேஸ் இன்று வரை வரவில்லை. போன வாரம் அந்த ஸ்டூடியோ லிப்ட் வாசலில் மேனேஜரைப் பார்த்தோம். அண்ணி அணில் குரலில் விசாரித்தார். “சார், எப்போ போடுறீங்க?”

மனுஷன் படியேறியே போய்விட்டார்.