எட்டு பத்துக்கு இறங்கிய மதகு

ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிய நேரம் பார்த்துச் சட்டைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. அந்த நேரத்தில் போனை எடுக்கிற வீடியோக்காரன் வேறு தொழில் பார்க்கப் போகலாம். மூன்று முடிச்சும் விழுந்து அட்சதை ஓய்ந்த பிறகு மண்டபத்துக்கு வெளியே வந்து பார்த்தேன். பேச்சிமுத்து அண்ணாச்சியின் மகள் செல்வி நான்கு தடவை கூப்பிட்டிருந்தாள்.

"அப்பா போயிட்டாவ அண்ணே. காலைல காப்பியக் குடிச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாவ," என்றாள்.

உடனே கிளம்பவில்லை. உள்ளே போய்ப் பந்தி முடியும்வரை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் ஊர் ஏரலுக்கு வண்டியை விட்டேன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்திருந்தால் பேச்சிமுத்து அண்ணாச்சி செத்த பிறகும் என்னை ஏசியிருப்பார்.

நம் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அவரைத் தப்பாகத்தான் தெரிந்துவைத்திருந்தோம். நானும் அதில் சேர்த்தி. ஆற்றிலிருந்து நம் வாய்க்கால் பிரிகிற இடத்தில் இருக்கிற தலைமதகுக்கு அவர் லஸ்கர், மதகைப் பார்த்துக்கொள்கிற ஆள். ஷட்டரை ஏற்றினால் வயலுக்குத் தண்ணீர், இறக்கினால் நின்றுவிடும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மதகுக்கு மரப்பலகைதான். பிறகு இரும்பு ஷட்டர் வந்தது, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். ஓய்வு பெறப் போகிற வருஷத்தில் மோட்டார் வந்தது. வாய்க்காலின் இரு பக்கமும் நெல்லாக இருந்த வயல்கள் வாழையாக மாறின. தலைவர்களும் அதிகாரிகளும் வந்தார்கள், போனார்கள். அவர் மட்டும் அதே காக்கி அரைக்கால் சட்டையில் அதே மதகின் மேல் நின்றார். ஷட்டரைத் தொடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றில் கால் நனைத்துவிட்டு வருவார். மோட்டார் வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. பொத்தானை அமுக்கப் போகிறவருக்குக் கால் நனைப்பது எதற்கு என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அவருக்கு நாம் வைத்த பெயர் தூங்குமூஞ்சி லஸ்கர். எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான், நாகரிகம் கருதி இன்றைக்கு மறைப்பதில் அர்த்தமில்லை. பேச்சில் அவர் அவ்வளவு மெதுவு. ஒரு கேள்வி கேட்டால் ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் ஆகும். "கேக்குதவன் எந்திரிச்சுப் போன பொறவுதான் எனக்குப் பதிலு வரும்," என்று அவரே சொல்வார். ஆனால் அந்தப் பெயர் வந்தது பேச்சினால் அல்ல, ஒரு வெள்ளத்தினால்.

முப்பது வருஷத்துக்கு முந்திய ஐப்பசி மழை அது. வாய்க்கால் கரை உடைந்து மேலத்தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. ஆடு மாடு போயிற்று, வீடுகள் சரிந்தன, சாமி புண்ணியத்தில் ஆள் சேதம் இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் முதல் வேலையாக லஸ்கர் வாய்க்கால் ஷட்டரை இறக்கிவிட வேண்டும். இறக்கவில்லை, தூங்கிவிட்டான் என்று அப்போதைய பாசன சங்கத் தலைவர் சொன்னார். தலைவர் சொன்னது தெரு சொன்னதாயிற்று. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதற்கு அண்ணாச்சி எழுதிக் கொடுத்த பதில் ஒரே வரி: காலை எட்டு மணி போல் ஷட்டரை இறக்கினேன். அதை யாரும் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் செல்வியைத் 'தூங்குமூஞ்சி மவ' என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது வந்த ஒரு வீட்டார் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் காப்பி குடிக்காமலே எழுந்து போனார்கள்.

நான் செய்த அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வைத்த அன்று திறப்பு விழாவை எடுத்தது நான்தான். பெரிய அதிகாரி பொத்தானை அமுக்கினார். கூடியிருந்தவர்கள் தட்டிலிருந்து பூவை அள்ளி வாய்க்காலில் தூவினார்கள். தண்ணீர்தான் வரவில்லை, பூ காய்ந்த மண்ணில் கிடந்தது. அதிகாரி மறுபடி அமுக்கினார், மோட்டார் உறுமியதோடு சரி. அப்போது அண்ணாச்சி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக மேலே ஏறினார். பழைய கைப்பிடியை மாட்டி, குனிந்து சுற்ற ஆரம்பித்தார். ஷட்டர் ஏறியது, தண்ணீர் பாய்ந்தது, மோட்டாருக்குக் கைதட்டல் கிடைத்தது. சங்கத்துக்காரர் ஒருவர் என் காதோடு, "அந்தாளு முதுகு தெரியப்படாதுவே, வெட்டிரும்," என்றார். வெட்டினேன். முகம் தெரியாத ஒரு முதுகுதானே என்று நினைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வாய்க்காலைப் பற்றி ஒரு படம் எடுத்துத் தரும்படி இப்போதைய சங்கம் கேட்டது. கல்யாணத்தைத் தவிர வேறெதையும் எடுத்தறியாத எனக்கு ஒரே பெருமை. பழைய லஸ்கர் என்பதால் அண்ணாச்சிக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கியிருந்தேன். முதல் கேள்விக்கே இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தார். எனக்கு எரிச்சல். ஆனால் அவர் பேசத் தொடங்கிய பிறகு கேமராவை அணைக்க மனம் வரவில்லை. எந்த வருஷம் ஆறு எத்தனையாவது படிவரை ஏறியது, எந்தக் கோடையில் வாய்க்காலின் கடைசி வயல்காரர்களான கடைமடைக்காரர்கள் அழுதுகொண்டு வந்தார்கள், எந்த அதிகாரி தன் தோப்புக்கு மட்டும் தண்ணீர் கேட்டார், எல்லாம் சொன்னார். அந்த அதிகாரிக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "மதவு மேல நிக்கவனுக்குக் கடமடைக்காரனும் சொந்தக்காரன்தான் சார்னு சொன்னேன். மறுமாசம் என்னைத் தூக்கி வேற எடத்துல போட்டாவ. ஆறு மாசத்துல அவியளே திரும்பக் கூட்டியாந்தாவ," என்றார். சிரிக்கக்கூட இல்லை.

கடைசியாக வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். "நான் எறக்குனேன் தம்பி," என்றார். அவ்வளவுதான். நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், அன்றைக்கும் நான் நம்பவில்லை. வயதானவர், அப்படித்தான் சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

படத்தில் வைக்கப் பழைய ஆற்றுக் காட்சி ஏதாவது கிடைக்குமா என்று அலமாரியிலிருந்த கேசட்டுகளைக் கிளறினேன். அந்த வெள்ள நாளில் நான் எடுத்த ஒரு கல்யாணம் அகப்பட்டது. கொட்டுகிற மழையில் கல்யாணம். ஆறு நிறைந்து போவது நல்ல சகுனம் என்று மாப்பிள்ளையின் அப்பா அடம்பிடித்து, முகூர்த்தம் முடிந்த கையோடு பொண்ணையும் மாப்பிள்ளையையும் குடையோடு படித்துறைக்குக் கூட்டி வந்துவிட்டார். அவ்வளவு வெள்ளத்தைப் பார்த்தால் வேறு ஊர்க்காரன் ஓடியிருப்பான், நாங்கள் நின்று படம் எடுத்தோம். அதில் நான் ஒரு தப்பும் செய்திருந்தேன். தேதியும் மணியும் படத்தின் மூலையில் விழாமல் கேமராவில் அணைத்து வைக்க வேண்டும். மறந்துவிட்டேன். கல்யாணம் முழுக்க அந்த எழுத்து கிடந்தது. 'பொண்ணு தோள்ல கணக்கு எழுதி வச்சிருக்கான்' என்று மாப்பிள்ளையின் அப்பா என்னை ஊர் முழுக்க நாறடித்தார்.

அதைப் போட்டுப் பார்த்தேன். பொண்ணு நிற்கிறாள், மாப்பிள்ளை நிற்கிறான். அவர்கள் குடைக்கு மேலே, தூரத்தில் மதகு. அதன் மேல் ஓர் ஆள் குனிந்து சுற்றுகிறார். காக்கி அரைக்கால் சட்டை, வெறுங்கால். ஷட்டர் இறங்கிக்கொண்டே வருகிறது, தண்ணீருக்குள் போய் உட்காருகிறது. அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூலையில் காலை எட்டு பத்து. மேலத்தெருவில் தண்ணீர் ஏறியது மத்தியானம் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் வந்தது ஆற்றுத் தண்ணீர் இல்லை. அன்றைக்கு வாய்க்காலுக்கு மேலே இருக்கிற மேல்குளத்துக் கரையும் உடைந்திருந்தது; அந்தத் தண்ணீர்தான் வாய்க்காலில் விழுந்திருக்கிறது. அந்தக் குளத்துக் கரையைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு சங்கத்துடையது.

மெமோவுக்கு அவர் எழுதிய ஒற்றை வரிக்குச் சாட்சி இத்தனை வருஷமாக என் அலமாரியில் இருந்திருக்கிறது. அந்தக் கல்யாணத்தை எடுத்தவன் நான், வெட்டி ஒட்டியவன் நான். பொண்ணையும் மாப்பிள்ளையையும் மட்டுமே பார்த்தேன். வெட்கமாக இருந்தது, அழுதுவிட்டேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். அப்பாவைப் பார்க்க வந்திருந்த செல்வி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி மறுபடி போடச் சொல்லி இரண்டாவது தடவையும் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் வண்டியைத் திருப்பும்போது பின்னாலேயே வந்தார்.

"நான் எறக்குனது எனக்குத் தெரியும்லா தம்பி. ஒனக்குத்தான் இப்பத் தெரியுது. இத செல்வி மாமியா வீட்டுல ஒருக்க போட்டுக் காட்டிரு, போதும்," என்றார்.

நான் ஏரல் கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டிப் போட்டேன். இரண்டு நிமிஷ லஸ்கர் முழுப் படமாகிவிட்டிருந்தார். திறப்பு விழாவில் நான் வெட்டிய முதுகையும் திரும்பச் சேர்த்திருந்தேன், மோட்டாருக்குக் கைதட்டும் இடத்தில் மண்டபமே சிரித்தது. எட்டு பத்து வந்தபோது சத்தம் நின்றுபோனது. விளக்கு போட்டதும் பழைய தலைவர், அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது, தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். அண்ணாச்சி இருந்த வரிசைக்குப் போக அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஒம் பேரக் கெடுத்தவன் நான்தாம்வே பேச்சிமுத்து."

அண்ணாச்சி எழுந்து, தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார். வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான், "பாவம், அவரும் எத்தன வருசம் தூங்காம கெடந்தாரோ," என்றார்.

அண்ணாச்சி இறந்த அன்று நான் ஏரல் போய்ச் சேர்ந்தபோது மேலத்தெரு முனையில் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'எங்கள் லஸ்கர் பேச்சிமுத்து' என்று கொட்டை எழுத்து. படம் என் கேசட்டிலிருந்து எடுத்தது. மழையில் மங்கலான ஓர் ஆள், குனிந்த முதுகு, முகம் தெரியவில்லை. மூலையில் எட்டு பத்து. ஃபிளெக்ஸ் கடைக்காரர் அந்த எழுத்து அசிங்கமாக இருக்கிறது, அழித்துவிடட்டுமா என்று கேட்டாராம். "ஆளக் கூட அழிச்சிக்கிடும், மணிய அழிக்காதியும்," என்று மேலத்தெரு ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் பாதிப்பேர் அண்ணாச்சியைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர்களே தோள் மாற்றித் தோள் மாற்றி அவரைக் கொண்டுபோனார்கள். மதகுக்கு எதிரே பாடையை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றில் கால் நனைத்து வந்து மறுபடி தூக்கினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் ஊரை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டது கிடையாது.

என்னிடம் அந்தக் கேசட் இருக்கிறது. அதைவிட, அண்ணாச்சியிடமிருந்து எனக்கு ஒரு பார்வை மிச்சம். போன வாரம் ஆழ்வார்திருநகரிக் கல்யாணத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்தேன். தாலி கட்டுகிற இடத்தில், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஓர் ஆள், அணையப் போன குத்துவிளக்குக்குக் குனிந்து எண்ணெய் ஊற்றுகிறார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. முதுகு மட்டும்தான் தெரிகிறது.

அவரை நான் வெட்டவில்லை.