சபீனா விற்ற உறுமல்

போன சனிக்கிழமை, அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டில் சபீனா வேலை பார்க்கும் கார் ஷோரூமுக்குப் போனேன். வாசல் கண்ணாடியில் அவர் படம். ஹிஜாப், முகம் நிறையச் சிரிப்பு... கீழே, ‘இந்த மாத டாப் சேல்ஸ்.’

அதே மாதத் தொடக்கத்தில் அவர் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துவந்த மினிவேன் விற்பனை படுத்துவிட்டது. மாதம் முடிவதற்குள் ஐந்து வண்டியாவது போகவில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

சபீனா என்ன செய்தார்? ஓரமாக நின்ற மஸில் கார்களை, பெரிய எஞ்சின் வைத்த வேக வண்டிகளை, தானே விற்பதாகக் கேட்டு வாங்கினார்.

கம்பெனி எப்போதோ நிறுத்தி, மறுபடி கொண்டுவந்த வண்டி. நீண்ட மூக்கு, உருண்டை ஹெட்லைட், முதுகில் இரட்டைக் கோடு — முகம் அறுபதுகளுடையது, உள்ளே எல்லாம் புதுசு. இவராவது இதை விற்பதாவது என்று கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். முதல் வாரம் ஒன்றுகூடப் போகவில்லை.

இரண்டாவது வாரம் வசந்தா ஆன்ட்டி வந்தார். ரிட்டயர்டு டாக்டர். கூட வந்த அங்கிள் நேராக எஸ்.யூ.வி. பக்கம் போனார். ஆன்ட்டி சிவப்பு வண்டி அருகிலேயே நின்றுவிட்டார்.

“நான் ஒண்ணுமே பேசலைங்க. சாவியைக் கொடுத்துட்டுத் தள்ளி நின்னுட்டேன்” என்றார் சபீனா.

ஆன்ட்டி ஸ்டார்ட் பண்ணினார். அந்த உறுமலுக்கு ஷோரூமே திரும்பியது. அங்கிள் ஓடி வந்தார்.

“வசந்தா, இதுல ரெண்டு கதவுதானே இருக்கு?”

“நாம ரெண்டு பேருதானே இருக்கோம்?”

அப்புறம் ஆன்ட்டி சபீனாவிடம் மெல்லச் சொன்னாராம்: “இந்த ஊருக்கு வந்த புதுசுல பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருந்தேன்மா. இதே மாதிரி ஒண்ணு, ஒரு பொண்ணு ஓட்டிட்டுப் போனா. அன்னைக்கு ஆசைப்பட்டது.”

இப்படிப் பழைய வண்டியை மறுபடி கொண்டுவருபவர்கள் பழைய ஞாபகத்தை விற்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். இல்லை — அப்போது கைக்கு எட்டாததை விற்கிறார்கள். அப்படி எட்டாமல் போனவற்றின் பட்டியல் நம் எல்லோரிடமும் உண்டுதானே?

அடுத்த ஞாயிறு கோயில் பார்க்கிங்கில் சிவப்பு வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். ஒவ்வொருவரிடமும் சபீனாவின் நம்பரை ஆன்ட்டியே கொடுத்தார். மேனேஜர் கேட்டது ஐந்து, போனது பதினொன்று. இப்போது அந்தப் பிரிவு முழுக்க சபீனா பொறுப்பில். சிரித்தவர்களில் இருவர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள்.

அங்கிள் போன வாரம், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாராம். ஆன்ட்டி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.